கணவன் மனைவி வாங்கிய வீடும் பத்திரத்தில் இருந்த இரண்டு சொல்லும்: கலிபோர்னியாவின் 2020 தீர்ப்பு

1972இல் கல்யாணம் செய்துகொண்ட ஒரு தம்பதி, ஐந்தாறு வருடம் கழித்து, 1977 அல்லது 78 வாக்கில், தெற்குக் கலிபோர்னியாவின் ரெட்லண்ட்ஸ் ஊரில் குடியிருக்க ஒரு வீடு வாங்கினார்கள். அதையொட்டியே சான் பெர்னார்டினோவில் வாடகைக்கு விட இன்னொரு சொத்தும் வாங்கினார்கள். இரண்டுக்கும் போட்ட பணம் கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது. இரண்டு பத்திரத்திலும் இருவர் பெயரும் இருந்தது. பெயரை அடுத்து, கணவன் மனைவி, "ஜாயின்ட் டெனன்ட்ஸ்" என்று எழுதியிருந்தது.

2011இல் கணவர் திவால் மனு கொடுத்தார். மனைவி அதில் சேரவில்லை. அந்த அம்மாவுக்குப் பாதி வீடாவது தேறுமா என்பது, பத்திரத்திலிருந்த அந்த இரண்டு சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் வந்து நின்றது. திவால் நீதிமன்றம், அதன் மேல்முறையீட்டு அமர்வு, ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று கூட்டாட்சி நீதிமன்றங்களில் மூன்று படி ஏறியும் கேள்வி தீரவில்லை. இது மாநிலச் சட்டத்தின் கேள்வி, நீங்களே பதில் சொல்லுங்கள் என்று வட்ட நீதிமன்றம் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தைக் கேட்டது. 2020 ஜூலை 23 அன்று பதில் வந்தது.

வழக்கில் நின்றவர்கள் சாதாரண மனிதர்கள். பெயர் வேண்டாம், கணவர், மனைவி என்றே எழுதுகிறேன். இந்த வழக்கை நான் விரிவாக எழுதக் காரணம், அங்கே வீடு வாங்கும் நம் ஊர்த் தம்பதிகள் பலரும் இதே சொற்களுக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறார்கள். எஸ்க்ரோவில், அதாவது விற்பனை முடியும்வரை பணத்தையும் பத்திரத்தையும் பொதுவான மூன்றாம் ஆள் வைத்திருக்கும் கட்டத்தில், ஒரு தாள் வரும். சொத்தை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்று நாலைந்து கட்டம் இருக்கும். "எல்லாரும் இதைத்தான் போடுவாங்க" என்று யாராவது சொல்வார்கள். டிக் அடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவோம்.

இரண்டு ஏற்பாடுகள்

ஜாயின்ட் டெனன்சி என்பதில் டெனன்சி இருந்தாலும் வாடகைக்கும் குத்தகைக்கும் சம்பந்தமில்லை. அது இங்கிலாந்துப் பொதுச் சட்டத்திலிருந்து வந்த ஒருவகைக் கூட்டுரிமை. சேர்ந்து வாங்கியவர்களுக்குச் சம பங்கு. ஒருவர் இறந்தால் அவர் பங்கு உயில், வாரிசு எதற்கும் போகாமல், உயிரோடு இருப்பவருக்குத் தானாகச் சேர்ந்துவிடும். நீதிமன்றப் படியேற வேண்டாம் என்பதால்தான் அது அவ்வளவு பிரபலம். ஆனால் அதற்குள் இன்னொரு குணமும் இருக்கிறது. கூட்டுரிமையில் ஒவ்வொருவர் பங்கும் அவரவருடைய தனிச்சொத்து. அண்ணன் தம்பி இப்படி வாங்கலாம், நண்பர்கள் வாங்கலாம், கணவன் மனைவியும் வாங்கலாம். கல்யாணம் என்ற ஒன்றை அந்த ஏற்பாடு கண்டுகொள்வதே இல்லை.

கம்யூனிட்டி பிராப்பர்ட்டி வேறு மரபு. ஸ்பெயின், மெக்சிகோ வழியாகக் கலிபோர்னியாவுக்கு வந்தது. 1848 ஒப்பந்தத்தில் அந்த நிலம் அமெரிக்காவின் கைக்கு மாறிய பிறகும், 1849இல் எழுதிய முதல் அரசமைப்பிலேயே அதற்கு இடம் கிடைத்துவிட்டது. கல்யாண காலத்தில் இருவரில் யார் சம்பாதித்தாலும், யார் பெயரில் வாங்கினாலும், அது இருவருக்கும் பொது. கல்யாணத்துக்கு முன் வைத்திருந்ததும், இடையில் வாரிசாகவோ நன்கொடையாகவோ ஒருவருக்கு மட்டும் வந்ததும் தனி. இன்று ஒன்பது அமெரிக்க மாநிலங்களில் இந்த முறை இருக்கிறது. இதைத் தம்பதிச் சொத்து என்று சொல்லிக்கொள்வோம்.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு, அழகான சொல்: தேடியதேட்டம். யாழ்ப்பாணத் தமிழர்களின் மரபுச் சட்டமான தேசவழமையில் முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து மூன்று வகை. கல்யாண காலத்தில் தேடியது தேடியதேட்டம். 1911இல் வந்த யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைச் சட்டம், ஒருவர் தேடித் தம் பெயரிலேயே வைத்திருந்தாலும் அது இருவருக்கும் சமம் என்று எழுதிவைத்தது. கூடவே, கடன்களைத் தீர்ப்பதற்கு உட்பட்டுத்தான் இந்தப் பங்கு என்ற நிபந்தனையையும் வைத்தது. (1947 திருத்தம் பிறகு நிறைய மாற்றியது, அது தனிக்கதை.) கலிபோர்னியா வழக்கின் முடிச்சும் இந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. வரவு பொது என்றால் கடனும் பொது.

பாதியா, முழுதா

திவாலாவதற்கு முன்பே கணவர் ஒரு காரியம் செய்திருந்தார். ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தி, இரண்டு சொத்திலும் தமக்கிருந்த உரிமையை, பைசா வாங்காமல், அதற்கு எழுதிவைத்தார். டிரஸ்டி அவரே, பயனாளி மனைவி. நம் ஊரில் இதைப் பார்த்தவுடன் பினாமி என்பார்கள். கடன் கொடுத்தவர்களிடமிருந்து சொத்தை ஒதுக்கிவைக்கும் மாற்றம் இது, செல்லாது என்று திவால் நீதிமன்றம் ரத்து செய்தது. சொத்து பழைய நிலைக்குத் திரும்பியது. அந்தப் பழைய நிலை என்ன என்பதுதான் அடுத்த கேள்வி.

அமெரிக்கத் திவால் சட்டம் இதில் தெளிவானது. கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் மனு கொடுத்தாலும், அவர் நிர்வாகத்திலோ இருவர் நிர்வாகத்திலோ உள்ள தம்பதிச் சொத்து முழுவதும், மற்றவர் பாதியும் சேர்த்து, திவால் கணக்குக்குள் வந்துவிடும். கூட்டுரிமையாக இருந்தால் மனு கொடுத்தவரின் பாதி மட்டுமே வரும். பங்கு பிரிக்க முடியாத வீட்டைத் திவால் டிரஸ்டி (திவாலானவரின் சொத்தைத் திரட்டிக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க நியமிக்கப்படுபவர்) முழுதாக விற்க அனுமதி பெற்றாலும், மனைவியின் பாதிக்கான பணத்தை அவர் கையில் கொடுத்தாக வேண்டும். ஆகவே தம்பதி, "பத்திரத்தைப் பாருங்கள், ஜாயின்ட் டெனன்ட்ஸ் என்று இருக்கிறது, பாதி மனைவியின் தனிச்சொத்து" என்றார்கள். டிரஸ்டி, "பணத்தைப் பாருங்கள், கல்யாணத்துக்குப் பின் சம்பாதித்தது, முழுதும் தம்பதிச் சொத்து" என்றார்.

இருவர் கையிலும் சட்டம் இருந்தது. சாட்சியச் சட்டத்தின் 662ஆம் பிரிவு, பத்திரம் யார் பெயரிலோ அவரே முழு உரிமையாளர் என்று கொள்ள வேண்டும், அதை மறுக்கத் தெளிவான, வலுவான சாட்சியம் வேண்டும் என்கிறது. குடும்பச் சட்டத்தின் 760ஆம் பிரிவு, கல்யாண காலத்தில் வாங்கிய எதுவும் தம்பதிச் சொத்து என்கிறது. ஒரே வீட்டின் மேல் இரண்டு அனுமானம். எதற்கு எது வழிவிட வேண்டும்?

தொண்ணூறு வருடக் குழப்பம்

இந்தக் குழப்பத்தின் வேர் 1932இல் இருக்கிறது. தம்பதிப் பணத்தில் வாங்கினாலும் பத்திரம் கூட்டுரிமையாக எழுதப்பட்டால், அந்தப் பத்திரமே "இது தம்பதிச் சொத்து அல்ல" என்று இருவரும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குச் சமம் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அப்போது சொன்னது. இரண்டு ஏற்பாடும் ஒரே நேரத்தில் ஒரே சொத்தில் இருக்க முடியாது என்பது அதன் தர்க்கம். தர்க்கமாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. நடப்பில்தான் அது பொருந்தவில்லை. வீடு வாங்கும் தம்பதிகள், ஒருவர் போனால் மற்றவருக்குச் சிக்கலில்லாமல் சேர வேண்டும் என்று மட்டும் நினைத்து அந்தச் சொல்லைப் போட்டார்கள். நம் பொதுச் சொத்தை இன்றோடு ஆளுக்குப் பாதியாகத் தனித்தனிச் சொத்தாக்கிக்கொள்கிறோம் என்று நினைத்துப் போட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்?

சட்டமன்றம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரிசெய்தது. 1965இல், விவாகரத்து என்று வந்தால், கூட்டுரிமையில் எடுத்த குடியிருப்பு வீட்டைத் தம்பதிச் சொத்தாகவே கொள்ள வேண்டும் என்றது. பிறகு எண்பதுகளில் அதை எல்லாக் கூட்டுச் சொத்துக்கும் விரித்தது. 1975 ஜனவரி 1 முதல் தம்பதிச் சொத்தை நிர்வகிக்கும் உரிமை மனைவிக்கும் சமமாக வந்தது. அதற்கு முன் அந்த உரிமை பெரும்பாலும் கணவருடையது. இந்த ஒரு தேதியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சொத்து இருவருக்கும் பொது என்று 1849லிருந்து சொல்லிக்கொண்டிருந்த மாநிலம், அதைக் கையாளும் சம உரிமையைக் கொடுக்க 125 வருடம் எடுத்துக்கொண்டது.

1985 ஜனவரி 1இல் இன்னொரு மாற்றம். அதுவரை கணவன் மனைவி வாய்ப்பேச்சாகவே ஒரு சொத்தின் தன்மையை மாற்றிக்கொள்ளலாம். "இது உனக்குத்தான்" என்று எப்போதோ சொன்னதை வைத்து விவாகரத்தில் பெரிய வழக்குகள் நடந்தன. அந்தத் தேதிக்குப் பிறகு, எழுத்தில், வெளிப்படையான அறிவிப்போடு மாற்றினால்தான் செல்லும். அந்த எழுத்தும் எப்படி இருக்க வேண்டும் என்பதில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாக இருந்தது. உடல்நிலை மோசமான ஒரு மனைவி, கணவரின் ஓய்வூதியப் பணம் வேறொரு டிரஸ்டுக்குப் போகச் சம்மதம் என்று கையெழுத்திட்டிருந்தார். என் உரிமையை விடுகிறேன் என்ற பொருள் அந்தப் படிவத்தில் எங்கும் இல்லை. ஆகவே அது மாற்றம் ஆகாது என்று 1990இல் தீர்ப்பானது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சந்து திறந்திருந்தது. வெளியாளிடமிருந்து நேரடியாகக் கூட்டுரிமையில் வாங்கினால், அது தம்பதிக்குள் நடந்த மாற்றமே அல்ல, எனவே எழுத்து விதி பொருந்தாது, பத்திரமே பேசும் என்று ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் 2003இல் சொல்லியிருந்தது. வீடு என்றால் எல்லாரும் வெளியாளிடம்தானே வாங்குகிறோம்? விதி இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் மிஞ்சியது.

அதை அடைக்கத் தொடங்கியது ஒரு பாடகரின் விவாகரத்து. ஃபோர் சீசன்ஸ் இசைக்குழுவின் பிரான்கி வாலி 2003இல் 37.5 லட்சம் டாலருக்கு ஒரு ஆயுள் காப்பீடு எடுத்து, மனைவியை அதன் ஒரே உரிமையாளராகவும் பயனாளியாகவும் போட்டார். பிரீமியம் தம்பதிப் பணத்திலிருந்து போனது. அடுத்த வருடமே பிரிந்தார்கள். பாலிசியின் ரொக்க மதிப்பு 3,65,032 டாலர். பெயர் என்னுடையது, ஆகவே என்னுடையது என்றார் மனைவி. 2014இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கணவன் மனைவிக்குள் பெயர் மாறியதற்கு எழுத்து இல்லையென்றால், பெயரை மட்டும் காட்டித் தனிச்சொத்து ஆக்க முடியாது. காப்பீட்டு நிறுவனம் என்ற வெளியாளிடமிருந்து வாங்கியது என்பதும் விலக்கு ஆகாது. அது விவாகரத்து வழக்கு. கடன் கொடுத்தவர்கள் எதிரே நிற்கும்போதும் இதே விதியா என்பதைத்தான் ரெட்லண்ட்ஸ் வழக்கு கேட்டது.

தீர்ப்பு

நீதிபதி குட்வின் லியூ பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். பதில், டிரஸ்டியின் பக்கம். தம்பதிக்கும் திவால் டிரஸ்டிக்கும் இடையிலான வழக்கில், கல்யாண காலச் சொத்து தம்பதிச் சொத்து என்ற குடும்பச் சட்ட அனுமானத்தோடு மோதும் இடத்தில், பத்திரப் பெயர் அனுமானம் நிற்காது.

காலவரிசையில் பிரித்துச் சொன்னார்கள். 1975க்கு முன் வாங்கிய சொத்துக்கு 1932இன் பழைய விதியே தொடரும். 1975 முதல் தம்பதிப் பணத்தில் கூட்டுரிமையாக வாங்கியது தம்பதிச் சொத்து என்றே கொள்ளப்படும்; கூட்டுரிமைப் பத்திரம் மட்டும் அதை மாற்றிவிடாது. அதில் 1985க்கு முன் வாங்கியதென்றால், தனித்தனிச் சொத்தாக்கிக்கொண்டோம் என்பதை வாய்மொழி உடன்பாட்டையோ இருவருக்கும் இருந்த பொதுவான புரிதலையோ காட்டி நிறுவலாம். 1985 முதல் வாங்கியதென்றால் வெளிப்படையான எழுத்து இல்லாமல் முடியாது.

அடிப்படைக் காரணம் எனக்கு ஏற்புடையதே. விவாகரத்தில் தம்பதிச் சொத்து, திவாலில் தனித்தனிச் சொத்து என்று ஒரே வீடு ஆளுக்குத் தகுந்த மாதிரி குணம் மாறக் கூடாது. எழுத்தில் இருந்தால்தான் மாற்றம் என்று சட்டமன்றம் கவனமாகக் கட்டிய விதியை, எஸ்க்ரோ தாளின் ஒரு டிக் உடைத்துவிடக் கூடாது.

நீதிபதி லியொண்ட்ரா குரூகர் ஒரு பகுதியில் மாறுபட்டு எழுதினார். பழைய தீர்ப்பை நம்பி ஆண்டாண்டுகளாகக் கூட்டுரிமை எடுத்த தம்பதிகளின் எதிர்பார்ப்பு என்ன ஆகும் என்ற கவலை அதில் இருக்கிறது. அந்தக் கவலை வெறும் சட்ட நுணுக்கம் அல்ல என்றே நினைக்கிறேன். கையெழுத்துப் போட்ட நாளில் அமலிலிருந்த பொருளை நம்பியவர்களுக்கு, பொருள் பிறகு தெளிவுபடுத்தப்படுவது சிறிய விஷயமில்லை.

என்னை உறுத்துவது வேறு. தம்பதிச் சொத்து என்ற ஏற்பாட்டால் பயன்பெற்றவர்கள் பெரும்பாலும் மனைவிகள்தான். சம்பளம் வாங்காமல் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவருக்கு, "உன் பெயரில் என்ன இருக்கிறது?" என்ற கேள்வியே எழாமல் பாதியைக் கொடுக்கும் சட்டம் அது. அதே சட்டம் இங்கே ஒரு மனைவியின் பாதியைக் கணவரின் கடனோடு சேர்த்துவிட்டது. கல்யாண காலத்தில் ஒருவர் பட்ட கடனுக்குத் தம்பதிச் சொத்து முழுவதும் பொறுப்பு என்பது அங்கே விதி. வரவில் பங்கு கேட்பவர் நஷ்டத்தில் விலகி நிற்க முடியாது என்பது நியாயம்தான். ஆனால் அந்த நியாயம், கடன் வாங்கும்போது அவரிடம் கேட்கப்பட்டதா என்று பார்ப்பதில்லை. ஒரு சின்ன ஈடு உண்டு. திவாலில் ஒருவருக்குக் கடன் விடுதலை கிடைத்தால், பிறகு அவர்கள் சேர்க்கும் தம்பதிச் சொத்தின் மேல் பழைய கடன்காரர்கள் பொதுவாகக் கைவைக்க முடியாது. மனு கொடுக்காத துணைக்கும் அந்தப் பாதுகாப்பு போய்ச்சேரும்.

நம் வீட்டுக் கணக்கு

இந்தத் தீர்ப்பால் எல்லாருக்கும் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். வரியில் இது தம்பதிகளுக்குச் சாதகம். ஓர் உதாரணம்: 3 லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு, கணவர் இறக்கும்போது 15 லட்சம். தம்பதிச் சொத்தென்றால், அமெரிக்க வருமான வரிச் சட்டப்படி வீட்டின் இரண்டு பாதிக்கும் அடக்கவிலை அன்றைய சந்தை மதிப்புக்கு உயரும். மனைவி 15 லட்சத்துக்கு விற்றால் லாபம் பூஜ்யம். கூட்டுரிமையென்றால் இறந்தவரின் பாதி மட்டும் உயரும்: 7.5 லட்சமும், தம் பாதிக்குப் பழைய 1.5 லட்சமும் சேர்த்து 9 லட்சம். 6 லட்சம் லாபமாகக் கணக்கில் நிற்கும். குடியிருந்த வீட்டுக்கான விலக்கைக் கழித்தாலும் மிச்சத்துக்கு வரி உண்டு. பத்திரம் கூட்டுரிமையாக இருந்தாலும், மாநிலச் சட்டப்படி அது தம்பதிச் சொத்தென்றால் முழு உயர்வு உண்டு என்று வரித்துறை 1987லேயே விளக்கம் கொடுத்திருக்கிறது.

இரண்டின் நன்மையையும் சேர்த்து எடுக்கும் வழியும் 2001 ஜூலை 1 முதல் இருக்கிறது: "உயிரோடிருப்பவருக்குச் சேரும் உரிமையுடன் கூடிய தம்பதிச் சொத்து." ஒருவர் இறந்தால் கூட்டுரிமை போலவே மற்றவருக்கு நேராகச் சேரும், மற்றபடி தம்பதிச் சொத்து. எஸ்க்ரோ தாளில் இதற்கும் கட்டம் உண்டு. கடன் தொல்லை வரக்கூடிய தொழில் செய்கிறவர்கள் எதை எடுப்பது என்பதை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

ஊரில் வாங்கிய சொத்தைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கலிபோர்னியாவில் குடியிருந்துகொண்டு, அங்கே வாங்கிய சம்பளத்தில் கோயம்புத்தூரில் பிளாட் வாங்கினால் அது எங்கே இருந்தாலும் தம்பதிச் சொத்து. சென்னையில் வேலை பார்த்தபோது கணவர் பெயரில் மட்டும் வாங்கிய பிளாட் என்றாலும், பிறகு கலிபோர்னியாவில் குடியேறி அங்கே விவாகரத்து நடந்தால், அதைத் தம்பதிச் சொத்துக்கு ஒப்பானதாக வைத்துக் கணக்கில் சேர்க்கலாம். "அது இந்தியாவில்தானே இருக்கு, என் பேர்லதானே இருக்கு" என்பது அங்கே பதில் ஆகாது.

இன்னொன்று முன்பணம். அப்பா நிலத்தை விற்று மகளுக்கு அனுப்பிய பணம் மகளுக்கு மட்டும் கொடுத்த நன்கொடை, அவள் தனிச்சொத்து. அதை இருவர் பெயரிலும் வாங்கிய வீட்டின் முன்பணமாகப் போட்டால் வீடு தம்பதிச் சொத்தாகவே கொள்ளப்படும். ஆனால் பிரிவு என்று வந்தால், எழுத்தில் விட்டுக்கொடுக்காத வரை, போட்ட தொகையை வட்டியில்லாமல் திரும்பப் பெற அவளுக்கு உரிமை உண்டு. வங்கிப் பரிமாற்றச் சீட்டும், அப்பா மகளுக்கு எழுதிய நன்கொடைக் கடிதமும் இருந்தால் அதை நிரூபிப்பது எளிது. அண்ணன் தம்பிக்குள் கைமாற்றுக்கே சீட்டு எழுதும் நாம், கணவன் மனைவிக்குள் எழுதினால் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமோ என்று கூசுகிறோம். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் எழுதச் சொல்கிறேன்.

ரெட்லண்ட்ஸ் வீடு 1985க்கு முன் வாங்கியது. அதனால் அந்த மனைவிக்குச் சட்டம் ஒரு கதவை மூடாமல் விட்டது. வீடு வாங்கியபோது இருவரும் பேசி, பாதிப் பாதியாக அவரவர் தனிச்சொத்து என்று ஒத்துக்கொண்டிருந்தால் போதும், எழுத்து வேண்டாம். நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் அவர்களுடையது. 1977இலோ 78இலோ, கல்யாணமாகி ஐந்தாறு வருடமான ஒரு தம்பதி, முதல் வீட்டின் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை நாற்பது வருடம் கழித்துச் சாட்சியமாகக் கொண்டுவர வேண்டும்.